செத்த காலேஜில் உயிருள்ளவர்கள்: வாழும் பண்பாடுகளை அருங்காட்சியகங்கள் காட்டும் விதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான், ஒன்றைத் தவிர: அதே வளாகத்தில், இன்றும் மலைகளிலும் ஊர்களிலும் வாழ்ந்துகொண்டிருக்கிற தென்னிந்தியப் பழங்குடியினரின் பொருள்களும் இருக்கின்றன. செத்தவற்றுக்கென்று அமைந்த இடத்தில் உயிருள்ளவர்களை எப்படிக் காட்டுவது என்பதையே கீழ்க்காணும் கேள்விகள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன.

வாழும் பண்பாடு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு பொருளைச் செய்தவர்களின் வழிவந்தோர் இன்றும் அதைச் செய்துகொண்டோ, உடுத்திக்கொண்டோ, வழிபட்டுக்கொண்டோ இருந்தால், அல்லது அதைத் தங்களுடையது என்று உரிமையுடன் சொல்லிக்கொண்டிருந்தால், அது வாழும் பண்பாட்டைச் சேர்ந்தது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியில் இன்று யாரும் முன்னோரை அடக்கம் செய்வதில்லை, அது தொல்லியல். தொதவப் (தோடர்) பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலையோ இந்த வாரமும் நீலகிரியில் நடந்துகொண்டிருக்கிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டையும் ஒரே மாதிரிப் பேழையில், ஒரே மாதிரி விளக்க அட்டையுடன் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விளக்க அட்டையில் அப்படி என்ன தவறு நேர்ந்துவிட முடியும்?

இலக்கணத்திலேயே நேர்ந்துவிடும். ‘இம்மக்கள் எருமை வளர்ப்பர், பால் கறப்பர், மூங்கிலாலும் புல்லாலும் குடிசை வேய்வர்’ என்பது போன்ற வாக்கியங்களை நாம் பாடநூல்களில் நிறையப் படித்திருக்கிறோம். ‘வளர்ப்பர்’, ‘வேய்வர்’ என்னும் இந்த வினைமுற்றுக்கு எதிர்கால வடிவம் இருந்தாலும் காலம் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல, அம்மக்கள் என்றென்றும் அதையே செய்துகொண்டிருப்பார்கள் என்று அது சொல்லிவிடுகிறது. எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் செய்ததைக் கண்டு எழுதியது என்ற விவரம் அட்டையில் இருப்பதில்லை. ‘வாழ்ந்தனர்’ என்று இறந்த காலத்தில் எழுதினால் இன்னும் மோசம். உயிரோடு இருப்பவர்களை இல்லாமலாக்கிவிடுகிறது.

தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கேட்பவரை உட்படுத்தும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. பெரும்பாலான அட்டைகள் ‘அவர்கள்’ என்று பேசுகின்றன. ‘நாங்கள்’ என்று ஓர் அட்டை தொடங்கினால், பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெளிவாகிவிடுகிறது. காட்சிக்கூடங்களில் கடந்த சில பத்தாண்டுகளாக நடந்துவரும் மாற்றத்தை, ‘அவர்கள்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்பதற்கு நகர்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இப்படிக் காட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அருங்காட்சியகங்கள் மனிதரையும் இயற்கை வரலாற்றின் ஒரு பகுதியாகவே வகைப்படுத்தின. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதியினரையும் பழங்குடியினரையும் பற்றி கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் 7 தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் இன்றும் பயன்படும் செய்திகள் உண்டு. கூடவே மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து மக்களை இனம்பிரிக்கும் வேலையும் உண்டு. அளக்கப்பட்டவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அந்தத் தொகுதிகளின் பொருளாக இருக்கவில்லை.

நியூயார்க்கில் இதைவிடக் கொடிய கதை ஒன்று நடந்தது. 1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து அங்குள்ள தொல்குடியான இனுக்வித் மக்கள் ஆறு பேரை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்தார். சில மாதங்களில் நால்வர் நோயில் இறந்தனர். இறந்தவர்களுள் ஒருவரான கிசுக் என்பவரின் மகன் மினிக் சிறுவன். அவன் நம்புவதற்காகப் போலியான ஓர் அடக்கச் சடங்கை நடத்திவிட்டு, தந்தையின் எலும்புகளை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. அவை கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993இல்தான்.

டயோரமாக்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கின்றனவே, அவற்றை ஏன் மூடுகிறார்கள்?

ஓவியப் பின்னணியும் ஆளுயர உருவங்களும் கொண்ட டயோரமா, ஒரு கணத்தை உறைய வைத்துக் காட்டும் கலை. விலங்குக்கு அது பொருந்துகிறது, மனிதருக்குப் பொருந்துவதில்லை. கேப் டவுனில் இருந்த தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தின் டயோரமா இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1907 தொடங்கி 1924 வரை ஜேம்ஸ் டிரூரி என்ற பாடம்செய்கலைஞர், உயிரோடிருந்த சான், கொய்கோய் என்னும் அந்நாட்டுத் தொல்குடி மக்களின் உடல்மீது சாந்து பூசி அச்செடுத்து உருவங்கள் வார்த்தார். பிற்காலத்தில் அவ்வுருவங்களை ஒரு வேட்டை முகாமாக அமைத்தார்கள். அந்த மக்கள் அங்கே ஓர் இனத்தின் மாதிரிகளாகவே நின்றார்கள். எந்த உருவத்துக்கும் தனிமனிதரின் பெயர் இல்லை. அதே நகரத்தில் ஐரோப்பியக் குடியேறிகளின் நாற்காலிகளும் பீங்கான்களும் ‘பண்பாட்டு வரலாறு’ என்ற பெயரில் வேறொரு கட்டடத்தில் இருக்க, இவர்கள் மட்டும் மீன்களுக்கும் பறவைகளுக்கும் பக்கத்தில் நின்றார்கள். எந்தக் கட்டடத்தில் வைத்தார்கள் என்பதே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. 2001இல் அந்த டயோரமா மூடப்பட்டது.

மூடுவது ஒன்றுதான் வழி என்று நான் கருதவில்லை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், டச்சு ஆளுநர் ஸ்டைவசென்ட்டை அப்பகுதித் தொல்குடியான லெனாப்பே மக்கள் சந்திப்பதாக 1939இல் அமைத்த டயோரமா ஒன்று உண்டு. அரைகுறை ஆடையில் ஆண்கள், சுமை தூக்கிப் பின்னணியில் நடக்கும் பெண்கள் என்று பல பிழைகள் அதில் இருந்தன. 2018இல் அதை அகற்றாமல், எது தவறு, ஏன் தவறு என்பதைக் கண்ணாடியின் மேலேயே பெரிய எழுத்துகளில் எழுதி ஒட்டினார்கள். பார்வையாளர் அந்த எழுத்துகளின் ஊடாகத்தான் பழைய காட்சியைப் பார்க்க முடியும். பிழையை ஒளிப்பதைவிட, பிழையை யார் செய்தார் என்பதையும் காட்சியின் ஒரு பகுதியாக்குவது மேல். ஆனால் கேப் டவுனில் இது போதுமானதாக இருந்திராது. அங்கே இருந்தவை உண்மையான மனிதர்களின் உடல் அச்சுகள்.

சமூகத்தினரே தங்களைக் காட்டிக்கொண்டால் என்ன மாறுகிறது?

நிறையவே மாறுகிறது, பொருள்களின் வரிசை முதற்கொண்டு மாறுகிறது. கனடாவின் மேற்குக் கரையோரத் தொல்குடியினர் நடத்தும் பொட்லாச் என்னும் கொடை விழாவை 1885 முதல் 1951 வரை அந்நாட்டுச் சட்டம் தடை செய்திருந்தது. 1921இல் ரகசியமாக நடந்த ஒரு பெரிய விழாவுக்குப் பிறகு பலர் சிறை சென்றனர். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிமுதல் செய்யப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. நெடுநாள் போராட்டத்தின் பின் திரும்பிவந்தவற்றை வைக்க 1980இல் அலர்ட் பே என்னும் ஊரில் உமிஸ்தா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அங்கே அந்த முகமூடிகள் கண்ணாடிப் பேழைக்குள் இல்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்பது அவர்கள் முடிவு. விழாவில் எந்த முறைப்படி வெளிவருமோ ஏறத்தாழ அதே முறைப்படி அவை நிற்கின்றன. ஒரு காப்பாட்சியர் மரம், செம்பு, எலும்பு என்று பொருளின்படி அடுக்கியிருப்பார். அவர்கள் நிகழ்வின்படி அடுக்கினார்கள்.

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரிகள் இதை உலக மேடையில் செய்துகாட்டினார்கள். 1984 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர்களுடைய மரபுச் செல்வங்களின் கண்காட்சி தொடங்கியபோது, அப்பொருள்களுக்கு உரிய குடிகளின் சம்மதத்தைப் பெற்றே அவற்றை அனுப்பியிருந்தார்கள். முதியோர் கடல் கடந்து உடன்வந்து, விடியுமுன் சடங்கு செய்து கதவைத் திறந்தார்கள். அந்தப் பொருள்களை மாவோரி மொழியில் ‘தாஒங்கா’ என்பர். முன்னோருடன் உறவுள்ள செல்வம் என்று பொருள் கொள்ளலாம். 1998இல் வெலிங்டனில் திறந்த தே பாப்பா தேசிய அருங்காட்சியகம், தாஒங்கா எங்கே இருந்தாலும் அதன்மீது உரிய குடிக்கு உள்ள உரிமை தொடர்கிறது என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டது. அருங்காட்சியகத்துக்குள்ளேயே விருந்தினரை முறைப்படி வரவேற்கும் ‘மராயே’ மன்றம் இருக்கிறது. ஒரு காட்சிக்கூடத்தைக் குடிகள் முறைவைத்து, தாங்களே திட்டமிட்டு நடத்துகிறார்கள்.

அப்படியானால் நடுநிலையும் ஆய்வுத் தரமும் என்ன ஆவது?

வாஷிங்டனில் 2004 செப்டம்பர் 21 அன்று திறக்கப்பட்ட அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம் இந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்தது. (அங்கே ‘இந்தியர்’ என்பது கொலம்பஸின் தவறால் ஒட்டிக்கொண்ட பெயர், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை.) தொடக்கக் காட்சிகளை 24 தொல்குடிச் சமூகங்கள் காப்பாட்சியர்களோடு சேர்ந்து உருவாக்கின. விமர்சனம் இருபுறமிருந்தும் வந்தது. ஒவ்வொரு சமூகமும் தனக்குப் பிடித்ததைச் சொல்கிறது, கோவையான வரலாறு இல்லை என்றார்கள் நாளிதழ் விமர்சகர்கள். நிலப்பறிப்பையும் படுகொலைகளையும் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள் தொல்குடி அறிஞர்கள் சிலர். இரண்டாவது விமர்சனத்தை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் ‘நாங்கள்’ என்று பேசும் சமூகத்துக்குள்ளும் ஒரே குரல் இல்லை என்பதை அது காட்டியது. எந்த முதியவரைக் கேட்டோம், பெண்களைக் கேட்டோமா, இளையோர் ஒத்துக்கொள்கிறார்களா என்ற கேள்விகள் சமூகப் பங்கேற்பால் தீர்ந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றன.

சிலவற்றைக் காட்டவே கூடாது என்பது அறிவுக்குப் போடும் தடை ஆகாதா?

கருவறைக்குள் அர்ச்சகர் தவிர வேறு யாரும் போவதில்லை என்பதைப் பழகிய நமக்கு இது புரியாத செய்தியல்ல, அந்த வழக்கத்தை ஏற்கிறோமா எதிர்க்கிறோமா என்பது வேறு விவாதம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எத்தியோப்பியத் திருச்சபையின் 11 தாபோத்துகள் இருக்கின்றன. 1868இல் மக்தலா கோட்டையைப் பிடித்த பிரிட்டிஷ் படை அள்ளிவந்த செல்வங்களோடு தொடர்புடையவை அவை. தாபோத் என்பது விவிலியம் கூறும் உடன்படிக்கைப் பேழையின் பலகையைக் குறிக்கும் புனிதப் பொருள். குருமார் தவிர வேறு எவரும் பார்க்கக் கூடாது. ஆகவே அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை, காப்பாட்சியர்களும் பார்ப்பதில்லை. காட்டவும் முடியாது, ஆராயவும் முடியாது என்றால் வைத்திருப்பதன் நோக்கம் என்ன என்று எத்தியோப்பியர்கள் கேட்கிறார்கள்.

பொருளை அழியாமல் காப்பதுதானே அருங்காட்சியகத்தின் கடமை?

ஆம், பொருள் அழியாமல் இருப்பதே அதன் நோக்கம் என்றால். சூனி மக்களின் கதை இங்கே நினைவுகூரத் தக்கது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் இவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டி ‘அஹாயுடா’ எனப்படும் போர்த் தெய்வங்களை மரத்தில் செதுக்கி, திறந்தவெளிச் சன்னிதியில் வைக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து, மட்கி, மண்ணோடு சேரும்போதுதான் அத்தெய்வத்தின் காவல் உலகுக்குக் கிடைக்கிறது என்பது நம்பிக்கை. அவை ஊர்ப்பொது, எவரும் விற்கவோ கொடுக்கவோ முடியாது, ஆகவே வெளியே இருப்பது எதுவாயினும் திருட்டுப்பொருள்தான். 1978இல் டென்வர் கலை அருங்காட்சியகத்திடம் சூனித் தலைவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். 1980இல் சிலைகள் திரும்பின. தொடர்ந்து பிற அருங்காட்சியகங்களிலிருந்தும் தனியாரிடமிருந்தும் அறுபதுக்கும் மேற்பட்டவை திரும்பிவந்தன. நூறாண்டு அலமாரியில் பத்திரமாக இருந்தவை இன்று வெயிலில் மட்கிக்கொண்டிருக்கின்றன. பொருள் பாதுகாப்பு அறிஞர் ஒருவருக்கு இது நெஞ்சைப் பிசையும் செய்தி. ஆனால் ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அவர் கணக்கில் கொள்ள வேண்டும். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரை வாங்கி, பூசித்து, நீரில் கரைக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

எல்லா அருங்காட்சியகங்களும் எளிதில் ஒப்புவதில்லை. கனடாவின் ஹைஸ்லா மக்களிடமிருந்து 1929இல் ஸ்வீடனுக்குப் போன, ஜிப்ஸ்கோலக்ஸ் என்ற தலைவரின் பெயரால் அறியப்படும் நினைவுத் தூணை அவர்கள் கேட்டபோது, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கட்டடத்தில் வைத்துக் காக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஸ்டாக்ஹோம் தரப்பில் எழுந்தது. தூண் சாய்ந்து மண்ணாக வேண்டும் என்பது ஹைஸ்லா மரபு. அவர்கள் புதிய தூணைச் செதுக்கி ஸ்வீடனுக்குக் கொடுத்தார்கள். பழையது 2006இல் ஊர் திரும்பியது. கொடுத்தது நகலா, தொடர்ச்சியா என்பதை நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் முடிவு செய்யும்.

நம் கோயில் செப்புத் திருமேனிகளுக்கும் இது பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தும். எழும்பூரில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரியைப் பார்த்து வியக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த இடை வளைவையும் மார்பின் நுட்பத்தையும் நாம் பார்க்க முடிவதே அது கோயிலில் இல்லை என்பதால்தான். உற்சவருக்குப் பட்டும் மாலையும் நகையும் சாத்தினால் முகமும் கைகளும்தான் தெரியும். திருவாரூர்த் தியாகராசரின் பாதங்களைக்கூட மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலுமே காணலாம். திருமஞ்சனம், அலங்காரம், தோள்தூக்கிகளின் நடை, நாயனம், தெருக்கோடியில் தேங்காயுடன் நிற்கும் வீட்டார் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பொருள். அருங்காட்சியகம் காட்டுவது சிற்பத்தை. ஊர் காண்பது சாமியை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் ‘சோழர் காலம், 11ஆம் நூற்றாண்டு, வெண்கலம்’ என்று மட்டும் சொல்லும் அட்டையில் ஊர் காணும் சாமி முழுக்க விடுபட்டுப்போகிறது. ஒரு காணொளியோ, அலங்காரத்துடன் கூடிய ஒரு நிழற்படமோ பக்கத்தில் இருந்தால் எவ்வளவோ சரியாகிவிடும்.

சட்டமும் இதை ஒரு முறை ஏற்றது. 1976இல் தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தபோது, இடிந்து கிடந்த அந்தக் கோயிலே வழக்காடும் தகுதியுள்ள ஒரு தரப்பு என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991இல் சிலை திரும்பியது.

2024இல் அமெரிக்க அருங்காட்சியகங்கள் கூடங்களை மூடியது எதனால்?

தொல்குடியினரின் உடல் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1990 முதல் இருக்கிறது, நிறைவேற்றத்தில்தான் தாமதம். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, அத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைப்பதற்கும் ஆய்வுக்குத் தருவதற்கும் முன்பே உரிய குடியின் ஒப்புதலைப் பெற வேண்டும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உடனே இரண்டு பெரிய கூடங்களை மூடியது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் சில பேழைகளைத் திரையிட்டு மறைத்தது.

திரும்பிவரும் பொருள்களைச் சடங்கில் பயன்படுத்தலாமா?

சோதித்த பிறகே. பூச்சி அரிக்காமல் இருக்க அந்நாளில் ஆர்செனிக், பாதரச உப்புகள் போன்ற நஞ்சுகளைத் தோலிலும் இறகிலும் துணியிலும் பூசியிருக்கிறார்கள். முகத்தில் அணிய வேண்டிய முகமூடி நஞ்சாகித் திரும்பிவந்த கொடுமை அமெரிக்கத் தொல்குடிகள் சிலருக்கு நேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை?

போபாலின் சாம்லா குன்றில் சுமார் 200 ஏக்கரில் பரந்திருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய மானவ சங்கிரகாலயம் என்னும் மானிடவியல் அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். பல பழங்குடியினரின் வீடுகள் அங்கே திறந்தவெளியில் நிற்கின்றன. அந்தந்தச் சமூகத்தினரே வந்து தங்கள் முறைப்படி கட்டியவை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்கவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்; கைவினைஞர்கள் அங்கேயே அமர்ந்து வேலை செய்கிறார்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள். இத்தகைய இடங்களில் நான் கவனிப்பது ஒன்று உண்டு: தேக்குத் தூண்களும் கல்வாசலும் உள்ள வீட்டைப் பிரித்து வேறிடத்தில் நடலாம், மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீட்டை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே இடம்பெயர்த்துக் காக்கும் முறை தன்னியல்பாகவே வசதியுள்ளவர்களின் வரலாற்றை மிகுதியாகக் காட்டிவிடும். ஓலை வீட்டைக் காட்ட வேண்டுமானால் அதை வேயத் தெரிந்தவரை அழைக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் அழைக்க வேண்டும்.

பார்வையாளராகப் போகும்போது எதைக் கவனிக்கலாம்?

அட்டையில் ஆண்டு இருக்கிறதா, செய்தவரின் பெயர் இருக்கிறதா, அந்தப் பொருள் எப்படி அங்கே வந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்த மொழி பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு வரியாவது உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால், வாசலில் வைத்திருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். அந்தக் குறிப்பேட்டை யாராவது படிக்கிறார்களா என்ற ஐயம் எனக்கும் உண்டு, ஆயினும் எழுதுகிறேன்.